முடியும் மானமும்

தமிழில் 'முடி' என்னும் சொல்லுக்கு உள்ள பொருள்வளம் வியத்தற்குரியது. வேந்தன் தலையில் சூடுவதும் முடி. ஏழை உழவன் தலையில் வளர்வதும் முடி. மலையின் உச்சியை முடி என்கிறோம். நாற்றங்காலில் பறித்துக் கட்டிய நாற்றுக் கட்டையும் முடி என்கிறோம். ஒரு செயல் நிறைவுறுவதை முடிவு என்கிறோம். உச்சியும் இறுதியும் ஒரே வேரிலிருந்து கிளைத்து நிற்கின்றன. தலைமுடி உதிரத் தொடங்கிய ஒருவன், தன் மதிப்பின் உச்சியே சரிந்து, ஏதோ ஒன்று முடிவுக்கு வந்துவிட்டதாக எண்ணி வருந்துவானாயின், அவ்வருத்தத்தில் நம் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு போலும்.

இலக்கிய மலரில் முடியுதிர்வைப் பற்றியா எழுதுவது என்று வினவுவோர் இருக்கலாம். சிறிய பொருளைப் பற்றிக்கொண்டு பெரிய கேள்விக்குள் நுழைவது நம்மவர்க்குப் புதிதன்று. மகளிர் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்னும் ஐயம் பாண்டியன் ஒருவனுக்கு எழுந்தது. அதனால் சங்கமே கலங்கியது. இறைவனோடும் வாதிட நக்கீரர் அஞ்சவில்லை என்பது திருவிளையாடற் கதை. 1965-இல் ஏ. பி. நாகராசன் அக்கதையைத் திரைப்படமாக்கி, நக்கீரராகத் தாமே நடித்தபின், கடல்கடந்து வாழும் நம் குழந்தைகளும் அதை அறிவர். அன்று கேட்கப்பட்ட கேள்வி, இயற்கையா செயற்கையா என்பது. அதே கேள்வி இன்று வேறு உருவில் நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது.

பாறசாலைக்கு அண்மையில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் சிற்றூர் ஒன்றில், நாம் அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. அவ்வீட்டு மகன் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறான். முப்பது வயது நிரம்பவில்லை. நெற்றி மேலேறி, உச்சியில் முடி மெலிந்துவிட்டது. அந்நாட்டுத் தண்ணீரே காரணம் என்பது அவன் முடிவு. நாற்பது நாள் விடுப்பில் வந்தவனுக்குப் பெண் பார்த்தார்கள், நிச்சயமும் ஆயிற்று. அவனோ யாருக்கும் சொல்லாமல் நகரத்து நிலையம் ஒன்றுக்குச் சென்று, தன் இரத்தத்தையே எடுத்துத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு, தொப்பி அணிந்து வீடு திரும்பினான். மூன்று முறை வரவேண்டும், முறைக்கு முறை ஒரு மாத இடைவெளி வேண்டும், பயன் தெரியச் சில மாதங்களாகும் என்பதை, முதல் தவணைப் பணத்தைக் கட்டிய பிறகே அவனுக்குச் சொன்னார்களாம். விடுப்போ நாற்பது நாள். கணக்கு ஒத்துவரவில்லை. அவன் மனம் உடைந்ததைக் கண்ட பாட்டி நடந்ததையெல்லாம் கேட்டறிந்தாள். அவள் சிரிக்கவில்லை, சினக்கவுமில்லை. "வேற ஆருக்க ரெத்தமும் இல்லியே மக்ளே, உனக்க ரெத்தம்தானே? அதுக்கு எதுக்கு வெக்கப்படுக?" என்றாள். சற்றுப் பொறுத்து, "அந்தப் பெண்ணுக்கிட்ட சொல்லியாச்சா?" என்றும் கேட்டாள்.

அம்முதியவளின் இரண்டு வினாக்களே இக்கட்டுரை. முதல் வினா வெட்கத்தைப் பற்றியது. இரண்டாவது வினா வாய்மையைப் பற்றியது. இரண்டையும் ஆராயுமுன், அந்தச் சிகிச்சை இன்னதென்று தெளிதல் நலம்.

தட்டணு மிகுந்த பிளாஸ்மாச் சிகிச்சை என்பது அதன் பெயர், பி.ஆர்.பி. என்னும் மூன்றெழுத்தால் மக்கள் அதை அறிவர். நம் குருதியில் சிவப்பணு, வெள்ளணு என்பனவற்றோடு தட்டணு என்னும் மிகச்சிறு துகள்களும் உண்டு. அவற்றை 1882-இல் தெளிவாக விளக்கியவர் இத்தாலிய அறிஞர் பிட்சோசெரோ. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். காயம் பட்ட இடத்தில் முதலில் ஓடிச்சென்று அடைப்பவை இவையே. அடைப்பதோடு நில்லாமல், சிதைந்த திசு மீண்டும் வளரத் தூண்டும் பொருள்களையும் இவை வெளியிடுகின்றன. 1998-இல் அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர் மார்க்சும் அவர்தம் குழுவினரும், செறிவூட்டிய தட்டணுக்கள் எலும்பு ஒட்டுதலுக்கு உதவுவதாக எழுதினர். அதன்பின் மூட்டு, தோல், முடி என்று அதன் பயன் பரவியது.

முடிக்குச் செய்யும் முறை எளியது. கையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுத்து, சுழற்று பொறியிலிட்டுச் சுழற்றுவர். கனமான சிவப்பணு அடியில் தங்கும். மஞ்சள்நிறப் பிளாஸ்மா மேலே நிற்கும். அதில் தட்டணு மிகுந்த பகுதியைப் பிரித்து, மெலிந்த இடங்களில் நுண்ணூசியால் செலுத்துவர். கத்தி இல்லை, தையல் இல்லை. ஓரிரு மணி நேரத்தில் வீடு திரும்பலாம். பொதுவாக மாதத்துக்கு ஒருமுறையாக மூன்று முறை செய்து, பின்னரும் சில மாதங்களுக்கு ஒருமுறை தொடர்வர்.

பயன் உண்டா? உண்டு, எல்லார்க்கும் இல்லை என்பதே நேர்மையான விடை. தலையின் ஒரு பாதியில் பிளாஸ்மாவும் மறு பாதியில் வெறும் உப்புநீரும் செலுத்தி ஒப்பிட்ட ஆய்வுகள் உள. அவற்றுட் பல, பிளாஸ்மா செலுத்திய பாதியில் அடர்த்தி கூடியதாகக் கூறுகின்றன. வேறுபாடு காணாத ஆய்வுகளும் உண்டு. ஆய்வுக்குட்பட்டோர் தொகை சிறிது. ஒரு நிலையம் செய்யும் முறை மற்றொன்றில் இல்லை. மெலிந்த முடியை இது தடிக்கச் செய்யலாம்; வேர்ப்பை மாய்ந்து பளபளத்துவிட்ட தலையில் புதுக்காடு வளர்க்க இதனால் இயலாது. பெற்ற பயனும் தொடர்ந்து செய்தாலன்றி நிலைப்பதில்லை. 1988-இல் மினாக்சிடிலும் 1997-இல் பினாஸ்டரைடும் வழுக்கைக்கென அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகத்திடம் பெற்ற அனுமதியைப் போன்றதொன்றை இச்சிகிச்சை பெறவில்லை.

இனி முதல் வினாவுக்கு வருவோம். தன் தலைமுடிக்காக ஒருவன் வருந்துவது வெட்கத்துக்குரியதா? உடல் நிலையற்றது, முடி அதனினும் நிலையற்றது, அதற்கா இத்தனை பாடு என்று அறநெறி பேசுவோர் நம்முள் மிகுதி. அவர்களிற் பலர் தலையில் நிறைந்த முடியுடையோர் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். பசித்தவனுக்கு நோன்பின் பெருமையை உண்டவன் உரைப்பது போன்றது அது.

தலையும் அதன் அணியும் அற்பமானவை அல்ல என்பதைத் தென் திருவிதாங்கூர் மக்களைவிட நன்கு அறிந்தோர் யார்? தாழ்த்தப்பட்டோர் தலைக்கு வரி கட்டிய நாடு அது. தோளை மறைக்கும் சீலைக்காகப் பெண்கள் பல்லாண்டு போராடி, 1859-இல் அரசாணை பெற்ற நாடு அது. அந்நாளில் சாமிதோப்பில் தோன்றிய வைகுண்டர், தம்மை நாடி வந்த எளிய மக்களைத் தலைப்பாகை அணிந்து வழிபடச் செய்தார். இன்றும் அவர் பதிகளில் ஆடவர் தலைப்பாகையோடுதான் நிற்கின்றனர். அவர்கள் எதிரில் இருப்பது கண்ணாடி. தன் உருவைத் தானே கண்டு, தன்னுள் இருப்பதை வணங்குவது அவ்வழிபாட்டின் பொருள். 1888-இல் நெய்யாற்றங்கரையில் அருவிப்புறத்தில் சிவனை நிறுவிய நாராயண குரு, 1927-இல் சேர்த்தலை அருகே களவங்கோடத்தில் நிறுவியதும் கண்ணாடியே. இவ்விரு பெரியோரும் ஏழைக்குக் கண்ணாடி காட்டியது, அவனை நாணச் செய்யவன்று, நிமிரச் செய்யவே.

இன்று நம் இளைஞன் நாள்தோறும் நிற்கும் கண்ணாடி வேறு வகையினது. அதில் அவன் தன் கண்ணால் தன்னைக் காண்பதில்லை. பிறர் கண்ணால் காண்கிறான். பள்ளியில் பட்டப்பெயர் வைத்தவன் கண், திருமண வீட்டில் "என்ன, இந்த வயதிலேயே?" என்று கேட்ட உறவினர் கண், வழுக்கையைக் கண்டதும் சிரிப்பதற்கே திரைப்படம் பழக்கிய கண். ஆகவே அவன் வருத்தம் வெறும் செருக்கன்று. பிறர் சுமத்திய சுமை. பெண்டிர் நிலை இதனினும் கொடிது. கூந்தலைப் பெண்மையின் இலக்கணமாக்கிப் பாடிய மரபில் பிறந்தவள், வகிடு அகலுவதைக் கண்டு யாரிடம் முறையிடுவாள்? இவர்கள் மருத்துவரை நாடுவதில் இழிவில்லை. பாட்டியின் முதல் வினாவுக்கு, வெட்கப்பட வேண்டியதில்லை என்பதே விடை.

இயற்கையை மீறுவது தவறல்லவா என்று வேறு சிலர் கேட்பர். அவர்களுக்கும் விடை கூறல் வேண்டும். எள்ளின் நெய் எண்ணெயாயிற்று. அதைத் தலையில் தேய்ப்பது செயற்கை. செம்பருத்தி இலை அரைத்துத் தலை முழுகுவதும், கரிசலாங்கண்ணி காய்ச்சுவதும், பூச்சூடுவதும் செயற்கையே. அவற்றை யாரும் குறை கூறுவதில்லை. இச்சிகிச்சையிலோ செலுத்தப்படுவது சொந்தக் குருதி. அதனினும் இயற்கையான மருந்து ஏது? அதைப் பிரிக்கும் பொறியோ முற்றிலும் செயற்கை. இயற்கை, செயற்கை என்னும் அளவுகோல் இங்கே முறிந்துபோகிறது. நல்லது தீயதைப் பிரிக்கும் கோடு அந்த இடத்தில் ஓடவில்லை என்பதே நாம் அறிய வேண்டியது.

அப்படியாயின் அக்கோடு எங்கே ஓடுகிறது? எல்லைப்புறத்து மக்களிடமே கேட்கலாம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தாய்த்தமிழகத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கேட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் தேநீர் அருந்தி, பாறசாலையில் தொடர்வண்டி ஏறுகிறவனுக்கு எல்லை எங்கே வந்தது, எங்கே போனது என்று தெரியாது. பேச்சு மாறுவதில்லை, பந்தி மாறுவதில்லை, பெண் கொடுத்தலும் கொள்ளலும் மாறுவதில்லை. ஆயினும் 2020-இல் பெருந்தொற்றின் காரணமாக இஞ்சிவிளையில் தடுப்பு வைத்தபோது, இல்லாதது போலிருந்த எல்லை இருப்பதை எல்லாரும் கண்டனர். மங்கலான எல்லையும் எல்லையே. நோய் தீர்த்தலுக்கும் அழகு செய்தலுக்கும் இடையிலுள்ள கோடு மங்கலானதுதான். அதற்காக, அங்கே காவலே வேண்டாம் என்று கூற இயலாது. அக்காவல் வாய்மை. பாட்டியின் இரண்டாம் வினா அதைப் பற்றியதே.

வாய்மை முதலில் மருத்துவர்க்குரியது. 1922-இல் எவரெஸ்டு ஏறச் சென்ற சாமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், திரும்பும் வழியில் நெய்யூர் மருத்துவமனையைக் கண்டார். 1838-இல் தொடங்கிய அம்மருத்துவமனையில் ஒரே அறுவை மருத்துவர் பெருங்கூட்டத்தினிடையே திணறுவதைக் கண்டு, இலண்டனில் காத்திருந்த பெருவாழ்வைத் துறந்து, அங்கேயே பணிபுரிய வந்துவிட்டார். குடற்புண்ணால் துடித்தோரை எண்ணற்ற முறை அறுவையால் காத்தார். எல்லையோரத்துக் காரக்கோணத்தில் இன்றுள்ள மருத்துவக் கல்லூரி அவர் பெயர் தாங்கியது. வயிற்றுவலிக்கு நெய்யூரை நாடி நடந்தோரின் பேரர் இன்று முடிக்காக நகரை நாடுகின்றனர். இதைச் சீரழிவென்று நாம் கூறமாட்டோம்; பெரிய நோய் குறைந்த இடத்தில்தான் சிறிய நோய்க்கு நேரம் கிடைக்கிறது. ஆயின் நோய் சிறிதாயிற்று என்பதற்காக மருத்துவ அறமும் சிறிதாகிவிடலாகாது.

இந்தியாவின் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 'ஜே' என்றொரு அட்டவணை உண்டு. எந்த நோய்களைத் தீர்ப்பதாக ஒரு மருந்து உரிமை கொண்டாடலாகாது என்று அது பட்டியலிடுகிறது. அதில் வழுக்கையும் உண்டு. புதுமுடி வளர்த்தலும் உண்டு. ஆசைமிக்க இடத்தில் பொய் எளிதில் விலைபோகும் என்று சட்டம் செய்தோர் அறிந்திருந்தனர். மருந்துப் புட்டிக்குச் சொன்ன அந்நெறியை, விளம்பரப் பலகைக்கும் ஆலோசனை அறையின் நாவுக்கும் உரியதாகக் கொள்வதே முறை. தூய்மையும் வாய்மையின் பகுதியே. 2018-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், உரிமம் பெறாத அழகு நிலையமொன்றில் முகத்துக்கு இச்சிகிச்சை செய்துகொண்ட பெண்டிர் மூவர்க்கு எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2024-இல் அறிவித்தது. சொந்தக் குருதிதானே என்னும் துணிவு, ஊசியும் கலமும் தூயனவாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும்.

இங்கே நாமும் ஒன்று அறிதல் நலம். தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முடி உண்டு. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சலுக்கோ மகப்பேற்றுக்கோ பின் இரண்டு மூன்று திங்களில் முடி கொத்துக்கொத்தாக உதிரும். பெரும்பாலோர்க்குச் சில திங்களில் தானே திரும்பும். அவ்வேளையில் யார் எதைச் செய்தாலும் புகழ் அதற்கே போய்ச் சேரும். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும் முடியை உதிர்க்கும். அவற்றைச் சோதித்து அறியாமல் ஊசியை எடுப்பது, ஓட்டை எங்கே என்று பாராமல் சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றது. ஆடவர் வழுக்கைக்கு ஆண்மைச் சுரப்பும் மரபும் காரணம் என்பதை 1942-இல் ஆமில்டன் என்னும் அமெரிக்க அறிஞர் காட்டிவிட்டார். வளைகுடாத் தண்ணீர்மீது பழி போடும் நம் இளைஞன், தன் தந்தையின் பழைய படத்தை ஒருமுறை பார்த்திருக்கலாம்.

வாய்மை அடுத்து அவனுக்குரியது. மருத்துவம் செய்துகொள்வது மறைப்பன்று. ஆனால் மறைப்பதற்காகவே மருத்துவம் செய்துகொண்டால், அது பொய்க்கு ஏவலாகிவிடுகிறது. மூன்று முறை ஊசியேற்றி, பின்னரும் ஆண்டுதோறும் தொடரவேண்டிய ஒன்றை மனைவியாகப் போகிறவளிடம் எத்தனை நாள் மறைக்க இயலும்? முடியை மறைத்தவன் நாளை கடனையும் மறைப்பானோ என்று அவள் ஐயுறுவாளாயின் குற்றம் யாருடையது? மேலும், அச்செலவு எங்கிருந்து வருகிறது? பாலைவெயிலில் ஈட்டிய பணத்தில் தங்கையின் படிப்பும் தந்தையின் மருந்தும் இருக்கின்றன. அவற்றைத் தீர்த்தபின் எஞ்சியதில் அவன் தன் தலைக்குச் செலவிடுவானாயின் யாரும் குறுக்கே நிற்க வேண்டியதில்லை. அவற்றைத் தள்ளிவைத்து, கடன்பட்டுச் செய்வானாயின், தலையில் ஏறுவது தன் இரத்தம் மட்டுமன்று, பிறர் வியர்வையும்தான்.

வாய்மை இறுதியாக நமக்குரியது. இந்நோயின் பாதி தலையில் உள்ளது. மறு பாதி பார்ப்பவர் கண்ணில் உள்ளது. தலைப்பாதிக்கு மருத்துவர் உண்டு. கண்பாதிக்கு மருத்துவர் நாமே. புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்கள் ஒன்றுகூடும் விழாக்களில், ஓராண்டுக்குப் பின் காணும் இளைஞனிடம் நாம் கேட்கும் முதற்கேள்வி அவன் தலையைப் பற்றியதாக இருக்கிறதா, பணியைப் பற்றியதாக இருக்கிறதா? மணமகன் தேடுவோர் படத்தைப் பார்த்து ஒதுக்கும்போது காரணத்தை வாய்விட்டுச் சொல்கிறோமா, சாதகத்தின்மேல் போடுகிறோமா? அந்த ஏளனத்தை நாம் நிறுத்தினால், ஊசி வேண்டாம் என்று பலர் தாமே முடிவு செய்வர். வேண்டும் என்போர் அச்சமின்றிச் செய்துகொள்வர். இரண்டும் நன்றே.

இன்னொன்றும் நம் உள்ளத்தில் எழுகிறது. அவன் தலைக்காக எடுக்கப்பட்ட அதே தட்டணுக்களுக்காகத்தான், மழைக்காலத்து டெங்குக் காய்ச்சலில் நோயாளிகளின் உறவினர் இரத்த வங்கிகளின் வாயிலில் காத்து நிற்கின்றனர். இரத்தத்தை விலைக்கு விற்பதை இந்தியா 1998 முதல் தடைசெய்துவிட்டது; கொடுப்பவர் அன்பினால் கொடுத்தால்தான் உண்டு. தன்பொருட்டு ஊசிக்குக் கை நீட்டத் துணிந்தவனுக்குப் பிறர்பொருட்டு நீட்டுவது அரிதன்று. முன்னது குற்றமன்று, பின்னதோ அறம்.

'மானம்' என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை, நிலைதாழ்ந்த மாந்தர்க்கு உவமை தேடியபோது, தலையைவிட்டு வீழ்ந்த முடியை எடுத்துக்கொண்டார். அவ்வுவமையைச் சொல்லி வழுக்கையரை நகைப்போர் உண்டு. அவர்கள் ஊன்றிப் படிக்கவில்லை. வீழ்ந்த முடிக்கே அவர் இழிவு கூறினார். முடியை இழந்த தலைக்குக் கூறவில்லை. தலை தன் இடத்திலேயே இருக்கிறது.

அவ்விளைஞன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு மணப்பெண்ணின் வீட்டுக்குச் சென்று உள்ளதைச் சொன்னான். எஞ்சிய இரு முறைகளைப் பற்றி இருவரும் பின்னர்ச் சேர்ந்து முடிவு செய்வதாகப் பேசிக்கொண்டனராம். அம்முடிவு எதுவாயினும் ஆகுக. அவ்வீட்டுப் பாட்டிக்கு இப்போது அதைப் பற்றிக் கவலையில்லை.